மருத்துவர் விடைபெற்ற பின்

உரைநடை: வாழ்க்கை வரலாறு

நுழையும் முன்

பிணி தீர்க்கும் பணிக்கு நாட்டெல்லை இல்லை. இன்றும் ஆப்பிரிக்க நாடுகளின் ஊர்ப்புற மருத்துவமனைகளுக்குப் பல நாட்டு மருத்துவர்கள் தன்னார்வலர்களாகச் செல்கின்றனர். சில திங்களோ சில ஆண்டுகளோ பணியாற்றிவிட்டுத் தாயகம் திரும்புகின்றனர். அவர்கள் விடைபெறும் நாளில் ஊரார் நன்றி கூறி வழியனுப்புவர். ஆயினும், மறுநாள் காலையிலும் அம்மருத்துவமனையின் வாயிலில் நோயாளர் வந்து நிற்பர். அவர்களுக்கு மருத்துவம் செய்பவர் யார்? இவ்வினாவை 19ஆம் நூற்றாண்டிலேயே எண்ணிப் பார்த்து, அதற்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு மருத்துவரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

கடல் கடந்து வந்தவர்

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். இவருடைய தமையனார் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க் நகரின் புகழ்பெற்ற சென்ட்ரல் பூங்கா உருவாவதற்குப் பெரிதும் உழைத்தவர். தமையனார் தம் நாட்டின் பெருநகர் ஒன்றை வளர்ப்பதில் ஈடுபட்டார். தம்பியோ நியூயார்க்கில் மருத்துவம் கற்று, இலங்கையின் வடபகுதியிலுள்ள யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களைத் தம் பணிக்களமாகத் தேர்ந்துகொண்டார்.

அமெரிக்கக் கிறித்தவச் சமயப் பணியாளர்கள் அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் பள்ளிகளையும் மருந்தகங்களையும் நடத்தி வந்தனர். அவர்களுள் ஒருவராகக் கிறீன் 1847ஆம் ஆண்டு அங்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. அவர் தொடக்கத்தில் வட்டுக்கோட்டையிலும், பின்னர் மானிப்பாயிலும் தங்கி மருத்துவம் செய்தார்.

பனைமரங்கள் சூழ்ந்த அச்சிற்றூர்களில் வாந்திபேதியும் அம்மையும் அடிக்கடி பரவின. வாந்திபேதி ஒரு நுண்ணுயிரியால் உண்டாகிறது என்பதை மருத்துவ உலகம் உறுதியாக ஏற்றிராத காலம் அது. யாழ்ப்பாணம் முழுவதற்கும் ஒரு மருத்துவர் போதுவாரா? ஒருவர் எத்துணை விரைந்து ஓடினாலும் ஒரு நாளில் சில ஊர்களுக்கே செல்ல இயலும். அவரும் நோயுற்று வீழ்ந்தால், அல்லது ஊர் திரும்பினால், அதன்பின் வரும் நோயாளரின் நிலை என்ன?

இவ்வினாவுக்கு விடையாகக் கிறீன் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அவர் வந்த அடுத்த ஆண்டே, அதாவது 1848இல், யாழ்ப்பாணத் தமிழ் இளைஞர் சிலர் அவரிடம் மருத்துவம் கற்கத் தொடங்கினர். 1850ஆம் ஆண்டு யாழ்ப்பாண நகரில் அறச்சங்கம் ஒன்றின் முயற்சியால் ஒரு மருத்துவமனை உருவாயிற்று. அம்மருத்துவமனையின் தொடக்கக் காலப் பணியில் கிறீனும் அவருடைய மாணவர்களும் பங்கு கொண்டனர். அதுவே இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கிறது.

எம்மொழியில் கற்பிப்பது?

தொடக்கத்தில் மருத்துவப் பாடம் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தமையால் அதுவே எளிய வழியாகத் தோன்றியது. மாணவரும் நன்கு கற்றுத் தேறினர். ஆயினும், கிறீன் எதிர்பாராத விளைவு ஒன்று நிகழ்ந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றோருக்கு அரசுப் பணி எளிதில் கிடைத்தது. ஆகவே, அவர்களுட் பலர் ஊதியம் மிகுந்த வேலையை நாடி வெளியூர்களுக்குச் சென்றனர். எச்சிற்றூர்களுக்காக அவர்களைப் பயிற்றுவித்தாரோ, அச்சிற்றூர்கள் மருத்துவர் இன்றியே இருந்தன.

அவ்விளைஞர்களைக் குறைகூற இயலாது. நல்ல வேலையைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது எக்காலத்தும் உள்ளதே. எனினும், கல்வி தரப்பட்ட மொழியே மாணவரை ஊரிலிருந்து அழைத்துச் செல்லும் தேராக அமைந்ததைக் கிறீன் கண்டார். தம் மாணவர் தம் மக்களின் உடையையும் பழக்கங்களையும் விட்டு விலகுவதையும் அவர் விரும்பவில்லை. ஆகவே, தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பது என்று முடிவு செய்தார். 1860களில் தமிழ்வழி மருத்துவ வகுப்புத் தொடங்கியது.

தமிழ்வழிக் கல்வியினால் மற்றொரு பயனும் உண்டு. மருத்துவத்தின் முதற்படி, நோயாளி கூறுவதைக் கேட்டறிதல். தமிழில் வலியைக் குறிக்கும் சொற்கள் பல. ஊசி கொண்டு குத்துவது போன்றது குத்தல். எலும்பினுள்ளே துளைப்பது போன்றது குடைச்சல். நெருப்புப் பட்டாற்போன்றது எரிச்சல். கை கால்கள் அயர்ந்து நோவது உளைச்சல். தசை இறுகி இழுத்துக்கொள்வது இசிவு. இவையனைத்தையும் வலி என்னும் ஒரே சொல்லால் குறித்துக்கொள்ளும் மருத்துவர், நோயாளி தந்த செய்தியிற் பாதியை இழந்துவிடுவார். நோயாளியின் மொழியிலேயே மருத்துவம் கற்றவரோ, அவர் கூறும் ஒவ்வொரு சொல்லின் வேறுபாட்டையும் உணர்ந்து நோயை நாடுவார்.

சொற்களைத் தேடிய மருத்துவர்

தமிழில் கற்பிப்பது என்று முடிவு செய்தல் எளிது. செய்து முடித்தல் அரிது. வகுப்பில் வைத்துப் படிக்கத் தமிழில் நூல்கள் வேண்டும். நூல்கள் எழுதக் கலைச்சொற்கள் வேண்டும். உடலின் ஒவ்வொரு நரம்புக்கும் எலும்புக்கும் பெயர் வேண்டும்.

தமிழுக்கு மருத்துவம் புதிதன்று. திருக்குறளில் மருந்து என்றே ஓர் அதிகாரம் உண்டு. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் ஆகிய நால்வகைக் கூறுகளைக் கொண்டது மருத்துவம் என்று அவ்வதிகாரம் உரைக்கிறது. சித்த மருத்துவ நூல்களும் தமிழில் மிகப்பல. எனினும், உடலை அறுத்து ஆராய்ந்து மேலைநாட்டார் எழுதிய நூல்களின் செய்திகளை உரைக்கப் புதிய சொற்கள் தேவைப்பட்டன.

இதற்குக் கிறீன் ஒரு நெறியை வகுத்துக்கொண்டார். மக்கள் வழக்கிலோ நூல் வழக்கிலோ பொருத்தமான தமிழ்ச்சொல் இருப்பின் அதனையே ஏற்றார். தமிழில் கிடைக்காதபோது வடமொழிச் சொல்லை நாடினார். அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். அவர்தம் நூல்களின் பெயர்களே இந்நெறிக்குச் சான்று. அறுவை மருத்துவம் பற்றிய நூல் ‘இரணவைத்தியம்’ எனப் பெயர் பெற்றது. இரணம் என்பது புண். உடற்கூறு பற்றிய நூலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் வடமொழி சார்ந்த பெயர் அமைந்தது. வேதியியல் பற்றிய நூலோ, ஆங்கிலச் சொல்லைத் தழுவிக் ‘கெமிஸ்தம்’ என்று வழங்கிற்று.

இப்பணியைக் கிறீன் தனித்துச் செய்யவில்லை. டான்போர்த், சாப்மன், சுவாமிநாதர் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் துணைநின்றனர். டான்போர்த், சாப்மன் என்பன மேலைநாட்டுப் பெயர்களாயினும், அவற்றைத் தாங்கியோர் யாழ்ப்பாணத் தமிழரே. சமயப் பணியாளர் நடத்திய பள்ளிகளில் பயின்ற தமிழ் மாணவர்க்கு அமெரிக்கப் பெயர்களை இடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. பகலில் நோயாளரைக் கவனித்தும், பாடம் நடத்தியும், எஞ்சிய பொழுதில் சொற்களைத் தேடியும் அவர்கள் உழைத்தனர். மகப்பேற்று மருத்துவம் பற்றிய நூல் 1857இல் வெளிவந்தது. 1867இல் ‘இரணவைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ ஆகியன வெளிவந்தன. கலைச்சொற்களைத் தொகுத்த அகரவரிசை நூல்களும் உருவாயின. இவ்வாறு தமிழில் உருவான மருத்துவப் பக்கங்கள் நான்காயிரத்துக்கும் மேற்பட்டன.

விடைபெறுதல்

இடையறாத உழைப்பு கிறீனின் உடல்நலத்தைக் குன்றச் செய்தது. 1850களின் இறுதியில் அவர் ஒருமுறை அமெரிக்கா சென்று ஓய்வெடுத்து, 1862இல் மீண்டும் யாழ்ப்பாணம் திரும்பினார். பின்னர்ப் பதினோராண்டு கழித்து, 1873இல், யாழ்ப்பாணத்திலிருந்து முற்றாக விடைபெற்றார். மீண்டும் அவர் அங்கு வரவில்லை.

அவர் சென்ற மறுநாளும் நோயாளர் மருத்துவமனைக்கு வந்தனர். ஆனால், 1847ஆம் ஆண்டின் நிலைக்கும் அன்றைய நிலைக்கும் வேறுபாடு மிகுதி. அவரிடம் பயின்று தேறிய மருத்துவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்கள் யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் மருத்துவம் செய்தனர். அவருடைய கடல்பயணத்தால் சிற்றூர்களின் மருத்துவப் பணி நின்றுவிடவில்லை.

கிறீனின் பணியும் நின்றுவிடவில்லை. வூஸ்டரில் தம் குடும்பத்தின் இல்லத்தில் இருந்துகொண்டே தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தியும் தொகுத்தும் வந்தார். உடலியங்கும் முறையை விளக்கும் ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. தமிழ்நிலத்துக்கு வெகுதொலைவிலுள்ள ஓர் ஊரில் தமிழ்ச்சொற்களைத் தேடி எழுதிய முதியவர் அவர். மறு ஆண்டு, 1884இல், கிறீன் காலமானார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்று அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

மூசி ஆற்றங்கரையிலும் இதே வினா

யாழ்ப்பாணத்தில் எழுந்த மொழி வினா, அதே காலத்தில் ஹைதராபாத்திலும் எழுந்தது. கிறீன் யாழ்ப்பாணம் வருவதற்கு ஓராண்டு முன்னர், 1846இல், நிசாமின் ஆட்சியில் ஹைதராபாத்தில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கும் ஐரோப்பிய மருத்துவரே ஆசிரியராக இருந்தார். ஆனால், தொடக்கத்தில் பாடமொழியாக அமைந்தது உருது. அப்பள்ளியே வளர்ந்து உஸ்மானியா மருத்துவக் கல்லூரி ஆயிற்று. இடையில் ஆங்கிலம் பாடமொழி ஆயினும், 1918இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுவைப் பாடமொழியாகக் கொண்டு தோன்றியது. அதற்கெனவே முந்தைய ஆண்டில் ஒரு மொழிபெயர்ப்புத் துறை அமைக்கப்பட்டது. அறிஞர்கள் ஒன்றுகூடி அறிவியல், மருத்துவக் கலைச்சொற்களை உருதுவில் உருவாக்கினர். 1948ஆம் ஆண்டுக்குப்பின் அங்கு ஆங்கிலம் பாடமொழி ஆயிற்று.

இவ்வாறு, கடலால் பிரிந்த இரண்டு ஊர்களில், இரண்டு மொழிகள் மருத்துவத்தைத் தம்முள் ஏற்கும் ஆற்றலைக் காட்டின.

நின்றதும் நிலைத்ததும்

கிறீன் விரும்பியவை அனைத்தும் நிலைத்துவிடவில்லை. இலங்கைத் தலைநகர் கொழும்பில் 1870ஆம் ஆண்டு ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அரசின் ஏற்பும் வேலைவாய்ப்பும் ஆங்கிலத்தின் பக்கமே இருந்தன. ஆகவே, கிறீனுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. நல்ல ஆசிரியரும் நல்ல நூல்களும் மட்டும் ஒரு கல்விமுறையைக் காக்கப் போதா. கற்றோர்க்கு அதனால் வாழ்வும் அமைய வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

எனினும், நிலைத்தவை சில. அவரிடம் கற்ற மருத்துவர்கள் ஊராரின் பிணி தீர்த்தனர். அவர் தொகுத்த சொற்களும் நூல்களும் அறிவியலைத் தமிழில் எழுத இயலும் என்பதற்கு இன்றும் சான்றாக உள்ளன. மானிப்பாயில் அவர் பெயரால் அமைந்த கிறீன் நினைவு மருத்துவமனை இன்றும் உள்ளது.

தொண்டு செய்யச் செல்பவர் எத்தனை நாள் தங்கினார், எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தார் என்பவை கணக்கிடத்தக்கவை. ஆனால், அவர் விடைபெற்றபின் அவ்வூரார் தம் கையால் செய்துகொள்ளும் பணி எவ்வளவு என்பதே தொண்டின் சிறந்த அளவுகோல். பிறர் தம்மைச் சார்ந்தே வாழும்படி உதவுதல் ஒரு வகை. தாம் இல்லாதபோதும் அவர்கள் வாழும்படி உதவுதல் மற்றொரு வகை. சாமுவேல் பிஸ்க் கிறீன் இரண்டாம் வகையைத் தேர்ந்தார்.

தெரிந்து தெளிவோம்

கிறீனுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்கடர். அவர் 1819இல் தம் நாட்டிலிருந்து புறப்பட்டு வந்து, பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்தார். அவருடைய பெயர்த்தி ஐடா ஸ்கடர், 1900ஆம் ஆண்டு வேலூரில் ஒரு சிறு மருந்தகம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். அவை வளர்ந்து இன்று வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக விளங்குகின்றன.

சொற்பொருள்

பிணி – நோய்
திங்கள் – மாதம்
தமையனார் – அண்ணன்
வாந்திபேதி – காலரா நோய்
இசிவு – தசை இறுகி இழுத்தல்
நெறி – முறை, வழி
பெயர்த்தி – மகன் அல்லது மகளின் மகள்
போதனா வைத்தியசாலை – மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கும் மருத்துவமனை

இலக்கணம் அறிவோம்: வினையாலணையும் பெயர்

‘கற்றவர் ஊரில் தங்கினார்’ என்னும் தொடரில், ‘கற்றவர்’ என்பது கற்றல் என்னும் செயலைக் காட்டுவதோடு, அச்செயலைச் செய்த ஒருவருக்குப் பெயராகவும் நிற்கிறது. இவ்வாறு செயலையும் அதனைச் செய்தவரையும் ஒருங்கே குறிக்கும் பெயர் வினையாலணையும் பெயர் எனப்படும். பிறந்தவர், செல்பவர், உதவுபவர் என்பனவும் இவ்வகையின.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்த ஆண்டு
(அ) 1822 (ஆ) 1847 (இ) 1873 (ஈ) 1884

2. ‘இரணம்’ என்னும் சொல்லின் பொருள்
(அ) எலும்பு (ஆ) மருந்து (இ) புண் (ஈ) நரம்பு

3. உஸ்மானியா பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் பாடமொழி
(அ) தெலுங்கு (ஆ) ஆங்கிலம் (இ) தமிழ் (ஈ) உருது

ஆ. பழைய கலைச்சொல்லை இன்றைய சொல்லுடன் பொருத்துக.

1. அங்காதிபாதம் – (அ) வேதியியல்
2. சுகரணம் – (ஆ) அறுவை மருத்துவம்
3. இரணவைத்தியம் – (இ) உடற்கூறியல்
4. கெமிஸ்தம் – (ஈ) உடலியங்கியல்

இ. பிரித்து எழுதுக.

1. கலைச்சொல்
2. ஊர்ப்புறம்
3. நோயுற்று
4. அவ்வூர்

ஈ. குறுவினா

1. திருக்குறள் கூறும் மருத்துவத்தின் நான்கு கூறுகள் யாவை?
2. கிறீன் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது ஏன்?
3. தம் கல்லறையில் எது பொறிக்கப்பட வேண்டும் என்று கிறீன் விரும்பினார்?

உ. சிறுவினா

1. ஆங்கிலவழி மருத்துவக் கல்வியால் யாழ்ப்பாணச் சிற்றூர்களுக்கு நேர்ந்த குறை யாது?
2. கலைச்சொற்களைத் தேர்வதில் கிறீன் பின்பற்றிய நெறியை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
3. யாழ்ப்பாணத்திலும் ஹைதராபாத்திலும் நிகழ்ந்த மருத்துவக் கல்வி முயற்சிகளை ஒப்பிடுக.

ஊ. நெடுவினா

‘கிறீன் விரும்பியவை அனைத்தும் நிலைத்துவிடவில்லை, எனினும் அவர் உழைப்பு வீணாகவில்லை.’ இக்கருத்தை ஏற்கிறாயா? பாடப்பகுதியிலிருந்து காரணங்கள் காட்டி எழுதுக.

எ. கற்றபின் செய்க

1. பாட்டி, தாத்தா அல்லது வீட்டுப் பெரியோரிடம் உடல்வலிகளைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களைக் கேட்டுத் தொகுத்திடுக. ஒவ்வொரு சொல்லும் எவ்வகை வலியைக் குறிக்கிறது என்று எழுதுக. அவ்வலியைத் தெலுங்கிலும் இந்தியிலும் எவ்வாறு கூறுவர் என்பதைத் தோழர்களிடம் கேட்டு அருகில் குறித்திடுக.

2. தெலுங்கோ இந்தியோ அறியாத தமிழ்ப் பாட்டி ஒருவரை ஹைதராபாத்திலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாகக் கருதுக. அவர் தமிழில் கூறும் நோய்க்குறிகளை மருத்துவருக்கு எடுத்துரைக்கும் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக.